தந்தி வேணாம்பா

"வேணாம்பா, தந்தி வேணாம்!" என்று லீலா அப்பாவின் சைக்கிளைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுடி! அண்ணங்காரன் பனியில சாவறான், இவ தந்தி வேணாங்கறா பாரு" என்று ரகுபதி அவள் கையைத் தட்டிவிட்டார்.

காஷ்மீர் மலையில் இன்றிரவு பனிப்புயல் வீசும், பனியோடு ஐஸ் மழையும் கொட்டும் என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து வீடே கலங்கிக் கிடந்தது. கோபால் லீவு முடிந்து போன வாரம்தான் அங்கிருக்கும் பட்டாளத்துக்கு ரயில் ஏறியிருந்தான். அம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"புள்ள நல்லா கீறானான்னு ஆபீசரையே கேட்டுடறேன். ஒரு வரி பதில் வந்தா போதும்" என்றபடி ரகுபதி ஸ்ரீபெரும்புதூரை நோக்கி சைக்கிளை மிதித்தார்.

அந்த ஒரு வரி என்னவாக இருக்கும் என்று லீலாவுக்குத் தெரியும். சோற்றுத் தூக்கைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு, யாரும் போகாத பம்ப்செட் கொட்டகைக்கு ஓடினாள்.

வைக்கோல் மேல் சுருண்டு கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். அந்தப் பனிக்குள் இனி போகவே மாட்டேன் என்று பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கி ஓடி வந்துவிட்ட கோபால்.

"இன்னாடி, வூட்டுப் பக்கம் அம்மா கொரல் கேக்குது? யாருக்காக இப்டி அழுவுது?"