ஊன்றிய கை

2014 அக்டோபர் 11, சனிக்கிழமை. அயோவா மாநிலத்தின் ஓக்ஃபர்த் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் மீண்டும் தோற்றது. பந்து எறியும் பையனை எதிரணி ஒன்பது முறை தரையில் சாய்த்தது. அவனைக் காக்க வேண்டிய தடுப்பு வரிசையின் பயிற்சியாளர் வெர்ன் டாலஃப்சன்.

திங்கள்கிழமை பீட்சா கடையில் வழக்கமான வானொலி நிகழ்ச்சி. தலைமைப் பயிற்சியாளர் கெஸ்லரின் பக்கத்தில் வெர்ன் மரம்போல் உட்கார்ந்திருந்தார். தொலைபேசியில் ஒரு பெண்ணின் கரகரத்த குரல் வந்தது.

“அந்த வெர்னை எப்ப வீட்டுக்கு அனுப்பப் போறீங்க, கோச்? பந்தை எறியப் போறப்பல்லாம் தடுப்பு வரிசையில இடது ஓரத்துப் பையன் தரையில ஊன்றின கையில வெயிட்டே வைக்கிறதில்ல. எறியப் போறாங்கன்னு எதிராளி அதைப் பார்த்தே தெரிஞ்சுகிட்டுப் பாயறான். இதுகூடத் தெரியாதவரெல்லாம் ஒரு கோச்சா?”

கடையே சிரித்தது.

“இன்னொரு தடவை தோத்தா அனுப்பிடறேம்மா” என்றார் கெஸ்லர். வெர்ன் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

மறுநாள் அந்தப் பையனின் கையைத் திருத்தினார். அடுத்த சனிக்கிழமை எறிபவனை ஒருவராலும் தொட முடியவில்லை. ஓக்ஃபர்த் வென்றது.

வெர்ன் வீடு திரும்பியபோது, மனைவி மார்லிஸ் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“காலேஜ்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்க” என்றார்.

“இந்த வேலையும் போனா எங்க ஊருக்கே வந்துடறேன்னு சொன்னியே, வெர்ன். ஏழு ஊர் மாறியாச்சு.”

“அதுக்காக ரேடியோவுல என்னை அப்படித் திட்டுவியா?”

“திட்டினதோட நிறுத்தியிருக்கணும். கையைப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவள் ஒரு பெட்டியைப் பிரித்து, தட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.