படங்கு மூடாத மூலை

"அந்த மூலையக் கட்டாதீங்க. திறந்தே கிடக்கட்டும்," என்றாள் ஸரீனா.

ஏணியில் நின்ற அவள் கணவர் மஹ்ரூப் கீழே பார்த்தார். "என்ன புள்ள சொல்ற? நிழலுக்குத்தானே இவ்வளவு பாடு?"

பாடு பட்டது உண்மைதான்.

ரத்தோட்டை ரோட்டில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர் மஹ்ரூப். பின்வளவில் இரும்புப் பைப்பால் ஒரு பந்தல் அடித்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. அதன் கீழே கலர் டீவியை வைத்து, உலகக் கிண்ண கிரிக்கெட் ஆட்டம் பார்க்க அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டார்.

செமி பைனல் அன்று பின்னேர வெயில் பைப்புகளுக்கு இடையால் இறங்கிப் படம் வெளிறிப்போனது. பந்து எது, ஆள் எது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைனல். இலங்கை முதல்முறையாக பைனலில்.

நிழலுக்கு ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள்.

"தகரம் போடுங்க மொதலாளி," என்றார் லொறி ஓட்டும் முத்துவீரன்.

தகரம் ஆளை அவித்துவிடும். தென்னோலைக் கிடுகு பின்னி முடிக்க ஒரு கிழமையாவது வேண்டும். ஸரீனா நட்ட பெஷன் ஃப்ரூட் கொடி இன்னும் இடுப்பைத் தாண்டவில்லை. பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தார்கள். வெயில் சிவப்பும் பச்சையுமாக டீவியில் வழிந்தது.

கடைசியில் மிளகு காயப்போடும் தார்ப்பாய்ப் படங்குகளைக் கொண்டுவந்து மஹ்ரூப் மேலே இழுத்துக் கட்டினார். கும்மென்று நிழல் விழுந்தது. மனுசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஒரு மூலைதான் பாக்கி. ஸரீனா விடுவதாக இல்லை.

"காத்து வரணுமே. அம்பது பேர் குந்தப் போறாங்க."

"காத்து நாலு பக்கத்தாலயும் வருது."

"எல்லாருக்கும் நான் தேத்தண்ணி ஊத்த வேணாமா? அடுப்புப் புகை எங்கால போறது?"

மஹ்ரூப் ஏணியை விட்டு இறங்கினார். "பந்தலப் பாத்து ஊர் சிரிச்சா நீதான் பதில் சொல்லணும்."

புகையும் இல்லை, காற்றும் இல்லை. அவளுடைய காரணம் பின்னால் மேட்டில் இருந்த வீட்டில் படுத்திருந்தது.

அது மஹ்ரூபின் நானா அப்துல் ஸமதின் வீடு. காணி பிரித்ததில் வந்த சண்டை. மூன்று வருசமாக அண்ணன் தம்பிக்குள் ஸலாம்கூட இல்லை. போன வருசம் ஸமதுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கட்டிலை ஜன்னலோரம் போட்டுப் படுத்தே கிடக்கிறார். அந்த வீட்டில் டீவி இல்லை.

பந்தல் வெறும் பைப்பாக இருந்தவரை, மேலே இருந்தபடி எல்லா ஆட்டத்தையும் பார்த்தார். படங்கு ஏறுகிற செய்தி போனதும் என்ன செய்தார் என்பதை அவர் மனைவி நோனா, தண்ணீர்ப் பைப்படியில் வைத்து ஸரீனாவிடம் சொன்னாள்.

"ரேடியோவத் தேடி எடுத்துத் தா எண்டு சொன்னார். வேற ஒண்டும் சொல்லல்ல."

அந்தப் பேச்சுத்தான் ஸரீனாவை ஏணியடிக்குக் கொண்டுவந்தது.

ஞாயிறு பின்னேரம் வளவு நிறைந்துவிட்டது. வெயில் அந்த மூலையால் இறங்கி, பலசரக்குக் கடை புஹாரியின் வழுக்கைத் தலையில் சரியாக விழுந்தது.

"இவ்வளவு படங்கு கட்டின ஆளுக்கு இந்தத் துண்டுக்குத்தானா பஞ்சம்?" என்றார் புஹாரி. நாலு பேர் சிரித்தார்கள். "ஏணியக் கொண்டாங்க. நானே மூடுறேன்."

தேத்தண்ணித் தட்டோடு ஸரீனா வாசலில் நின்றுவிட்டாள்.

மஹ்ரூப் எழுந்து போய்த் திறப்புக்குக் கீழே நின்றார். அண்ணாந்து பார்த்தார். நேர் மேலே ஜன்னல். கம்பிக்குப் பின்னால் தலையணையில் சாய்ந்த ஒரு முகம். அந்த முகமும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

போச்சு, இனி வீட்டில் பெரிய சண்டைதான் என்று ஸரீனா நினைத்தாள்.

அன்றைக்கு இலங்கை வென்று நாடே தலைநிமிர்ந்தது எல்லோருக்கும் தெரியும். ஸரீனா இன்றும் பெருமையாகச் சொல்வது முதல் பந்துக்கு முந்தி நடந்ததை.

"ஏணி வேணாம் புஹாரி," என்றார் மஹ்ரூப். "நீங்க என்ட கதிரையில குந்துங்க. நான் இங்க இருக்கேன்."

பிறகு டீவி மேசையை இரண்டு கையாலும் பிடித்து அந்த மூலைப் பக்கமாகத் திருப்பினார். இடது பக்கம் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

ஸரீனாவிடம் வந்து தட்டை வாங்கிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மேல ஓடிப் போய்ப் பாத்துட்டு வா. நானாட கட்டில்ல இருந்து ஸ்கோர் எழுத்து தெரியாட்டி, மேசைய இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கணும்."