நாற்பது நாள் கழிந்ததும்

"சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க, மந்தாபாய். நாப்பது நாள் முடியப்போகுது. ஞாயித்துக்கிழமை மருமகளையும் பேரனையும் அழைச்சிக்கிட்டுப் போறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சாதாராவிலிருந்து பஸ் பிடித்து வந்த அண்ணாசாகேப், பேடாப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் அணையைத் திறக்க உத்தரவு போடுகிறவர் மாதிரிதான் பேசுவார்.

மந்தாகினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மகள் மிருணாள் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகிறது. பேச்சு முடிகிறவரை இவரை இந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தாக வேண்டும்.

வைத்துவிடலாம். முப்பது வருஷம் சாங்லி பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவளுக்கு ஒரு சம்பந்தியைச் சமாளிக்கத் தெரியாதா?

பிரசவமான நாளிலிருந்து மிருணாள் சரியாகத் தூங்கவில்லை. குழந்தை தூங்கும்போதும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் நல்ல அம்மா இல்ல, ஆயி" என்று ஒரு நாள் சொன்னாள். அவள் கணவன் ஹேமந்த் யாரிடமோ விசாரித்து, நாக்பூரில் இருக்கும் ஒரு மனநல ஆலோசகரின் நம்பரை வாங்கிக் கொடுத்தான். நாலு வாரமாகச் செவ்வாய்தோறும் நாலு மணிக்கு வீடியோவில் பேசுகிறாள். போன வாரம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அவளாகவே சிரித்தாள். இன்னும் மூன்று மாதமாவது பேச வேண்டும், நடுவில் விட்டுவிடக் கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

புகுந்த வீட்டில் அது எப்படி நடக்கும்? தெரிந்தால் பைத்தியம் என்பார்கள். தங்கள் கர்மர்கர் குடும்பத்துப் பெண் எவளையும் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல விடுவதாகவும் இல்லை.

"இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருக்கட்டுமே. இடுப்புவலி போகலை" என்றாள் மந்தாகினி.

"எங்க வீட்டுலயும் கட்டில் இருக்கு."

"கட்டில் இருக்கு. எண்ணெய் தேய்ச்சுவிட ஆள்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் மனைவி சுமித்ரா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஆள் சொல்லியாச்சு" என்றார் அவர், முகம் மாறாமல். "பேரனைப் பார்க்கலாமா?"

"புகை போட்டுக்கிட்டிருக்கு. ஓமம், சாம்பிராணி. இப்ப ஆம்பளைங்க உள்ளே போகக் கூடாது."

"சாயங்காலம் நாலு மணிக்கா? எங்க சுமித்ரா காலையில குளிப்பாட்டினதும் போடுவா."

"சாதாராவுல ஒரு வேளை போதும்னு விட்டிருப்பீங்க. எங்க வீட்டுல ரெண்டு வேளை."

"வாசனையே வரலையே."

"கதவு தேக்கு. காத்து, புகை எதையும் விடாது."

அண்ணாசாகேபின் மீசை லேசாக அசைந்தது. மந்தாகினி தேநீரும், பிசின் சேர்த்துப் பிடித்த கோந்து லட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"பிள்ளை பெத்தவளுக்குப் பண்ணினதை எனக்குக் கொடுக்கறீங்க?"

"நீங்களும் தெம்பா இருக்கணுமில்ல? மருமகளை அதட்டணுமே."

"உங்க பொண்ணை அதட்டறதுக்கு லட்டு பத்தாது. பெத்தவங்களை மாதிரியே வாய்."

அவர் லட்டைத் தின்று முடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது போல, கிளம்பிவிடுவார் என்று மந்தாகினி நினைத்தாள். ஐந்தாக இன்னும் கால் மணிதான்.

அப்போது உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

"புகை கண்ணுல பட்டிருக்கும்" என்றாள் மந்தாகினி. "குழந்தைக்கு எரியும் இல்ல?"

"அழுதது குழந்தை இல்ல, மந்தாபாய்."

மந்தாகினி அவரைப் பார்த்தாள். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே மகளின் தேம்பல் மறுபடி கேட்டது. பொய்யை விழுங்கிவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்றாள்.

"ஆமா, என் பொண்ணுதான் அழறா. மனசு சரியில்லாம இருந்தா. ஆலோசகர்கிட்ட பேசிக்கிட்டிருக்கா. மூணு மாசத்துக்கு வாராவாரம் பேசுவா. இது பைத்தியம் இல்ல. எங்க வீட்டுக்கு அவமானமும் இல்ல. உங்க வீட்டுல ஒருத்தர் இதைக் குத்திக்காட்டினாலும் அவ உங்க வாசப்படி மிதிக்க மாட்டா. ஞாயித்துக்கிழமையும் கிடையாது, அதுக்கப்புறமும் கிடையாது."

அண்ணாசாகேப் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை அனுப்புங்க. அங்கேயும் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவ கதவைச் சாத்திக்கிட்டுப் பேசலாம். யாரும் தட்ட மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நாலு மணி என்னோடது, மந்தாபாய். சுமித்ரா போனதிலேர்ந்து அந்த நாக்பூர் ஆலோசகர் அம்மாகிட்ட நான்தான் பேசிக்கிட்டிருந்தேன். குழந்தை தூங்கறது அப்பதான்னு ஹேமந்த் சொன்னான், விட்டுக்கொடுத்துட்டு அஞ்சு மணிக்கு மாறிட்டேன்." அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு செல்போனை எடுத்தார். "எனக்கும் நேரமாச்சு. கதவு சாத்திக்கிற மாதிரி ஓர் அறை கொடுங்க."