துடைக்காத மூலை

பகலில் மிதந்து வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பிறகு கடலுக்கடியில் தானாகச் சுற்றும் எங்கள் ஆய்வுக் கருவியை, ஜெகதாப்பட்டினத்தில் பரிமளா அக்காவின் படகிலிருந்துதான் இறக்குவோம். ஒரு வாரம் கழித்து எடுக்கும்போது அதன் சோலார் தகடு முழுக்கப் பாசி பிடித்திருக்கும்.

இந்த முறை தகடு பளிச்சென்று இருந்தது. ஒரு மூலையில் மட்டும் பாசி. அதைத் துடைக்கப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

"விடுங்க தம்பி. எங்க வீட்டுக்காரரும் படகு லைட்டுத் தகட்டை இப்படித்தான் தொடைப்பாரு. ஒரு மூலை கடலுக்கு இருக்கட்டும்பாரு."

அவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

அடுத்த முறை இறக்கும்போது, கணவரின் பழைய கைலியில் ஒரு துண்டைக் கிழித்து அக்கா கருவியில் கட்டிவிட்டார்.

கருவி திரும்பி வந்தது. துணி பிழிந்து, உதறி, நாலாக மடித்துக் கட்டப்பட்டிருந்தது.