பச்சையம்மாள் வீட்டுத் தண்ணீர்

"இன்னும் எத்தன தடவம்மா சொல்றது? எனக்குத் தொண்டத் தண்ணியே வத்திப்போச்சு!"

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போதே ஹெல்த் இன்ஸ்பெக்டர் அமிர்தலிங்கம் கத்தினார். எண்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கீழப்பழுவூரைத் தாண்டியிருந்த அந்தத் தெருவுக்கு இந்த மாதத்தில் இது நாலாவது நடை.

பச்சையம்மாளின் மூன்று வயதுப் பெண் வாடிய கீரைத்தண்டு மாதிரி பாயில் கிடந்தது. நேற்றிலிருந்து பத்துத் தடவை வயிற்றால் போயிருக்கிறது. இந்த வயிற்றுப்போக்கு இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது என்று ஆஸ்பத்திரியில் போன வாரமே சொல்லிவிட்டார்கள். அந்தப் பயம்தான் அவருக்குக் கோபமாக வந்தது.

"மாட்டக் குளிப்பாட்டுறதும் அந்தக் குட்டையில, கால் கழுவுறதும் அந்தக் குட்டையில. அதுல உள்ள கிருமிதான் புள்ள குடலுக்குள்ள போயி வேலயக் காட்டுது. கொதிக்க வச்சா செத்துப்போவும். கரடியா கத்துறேன், யாரு கேக்குறீங்க?"

"எம் புள்ள மேல சத்தியமா கொதிக்க வச்சுத்தாங்க சார் குடுக்குறேன்." பச்சையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ளார வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். அடுப்பில் குண்டான் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்பு, சக்கர போட்டுக் குடுக்கச் சொன்னேனே, அது?"

"இந்தத் தண்ணியிலதாங்க கலக்குறேன்."

"சோப்புப் போட்டுக் கை கழுவுறியா?"

"தேயத் தேயக் கழுவுறேங்க."

அமிர்தலிங்கத்துக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு எங்கேயிருந்துதான் வருகிறது இந்த எழவு? அலுத்துப்போய் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு. அந்தக் கொதிச்ச தண்ணியே குடு."

சொம்பு வந்தது. ஒரே மூச்சில் மடக்மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். தெருவே இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபோதுதான் சட்டென்று உறைத்தது.

"ஏம்மா, அடுப்புல இன்னும் கொதிக்குது. எனக்குக் குடுத்தது இதமா இருந்துச்சே. இத எப்ப ஆற வச்ச?"

"ஆற வைக்க எங்கங்க நேரம்? கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா வாயி வெந்துபோவாதா?" என்றாள் பச்சையம்மாள் வெள்ளந்தியாக. "பாப்பாவுக்குக் குடுக்குற மாதிரியே, பாதிக்குப் பாதி குட்டத் தண்ணிய ஊத்தி வெளாவித்தாங்க குடுத்தேன்!"