மாமா, தவளை!

"மாமா! ஓடி வாங்க, தவளை!"

குளியலறையிலிருந்து மனைவி போட்ட சத்தத்தில், கூடத்தில் சவரம் செய்துகொண்டிருந்தவனின் தாடை கீறிக்கொண்டது.

வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் மழைக்காடு. மரத்தவளை ஒன்று அடிக்கடி உள்ளே வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரல் அளவு, இலைப் பச்சை. அதற்கா இந்த அலறல்?

"நான் இங்கதானே நிக்கிறேன்? முட்டிவலிக்கார அப்பாவை எதுக்குக் கூப்பிடுற?"

"நீங்க துடைப்பத்தால அடிப்பீங்க. மாமாதான் பக்குவமா எடுப்பார்."

அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு நாற்காலிதான் உலகம். எது கேட்டாலும் "ம்". இப்படிச் சாப்பிடாமலே இருந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரைப் போய்...

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார். தவளைமேல் குவளையைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினார்.

"உன் அத்தையும் இப்படித்தாம்மா. ஒருநாள் என் ஷூவுக்குள்ள ஒண்ணு படுத்திருக்கு. தெரியாம காலை விட்டுட்டேன். கத்தினது யாருங்கிற? அவதான்!"

"அப்புறம், மாமா?"

பேசிக்கொண்டே இருவரும் பின்பக்கம் போனார்கள். தவளையை மரத்தில் விட்ட பிறகும் பேச்சு ஓயவில்லை.

அவள் அறைக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டான். "படிச்சவதானே நீ? தினமும் ஒரு கூத்து. வயசானவரை இப்படி அலைக்கழிக்க வெட்கமா இல்ல?"

"பயமா இருக்கே, என்ன பண்ண?" தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் விடியும்போதே அவனுக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அவள் இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

அவள் மரத்தடியில் நின்றிருந்தாள். வாளித் தண்ணீரில் கையை நனைத்து, இலைமேல் இருந்த தவளையின் வயிற்றுக்கடியில் விரலைக் கொடுத்தாள். ரொம்ப நாள் பழக்கம்போல அது உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது.

முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்சினாள். "வாடா தங்கம். நேத்து உன் புண்ணியத்துல மாமா வயிறாரச் சாப்பிட்டார். இன்னிக்கும் ஒரு நடை வந்துட்டுப் போயிடு."

அவன் ஓசைப்படாமல் திரும்பிவந்து படுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் குளியலறையில் அலறல். "மாமா! தவளை!"

போர்வையை உதறிவிட்டு எழுந்தவன், அவளைவிடப் பெரிதாகக் கத்தினான்:

"அப்பா! சீக்கிரம் வாங்கப்பா, எனக்கும் பயமா இருக்கு!"