காந்தம் ஒட்டாத குடங்கள்

கிழிந்த ஏழு குடங்களையும் அவள் முதலாளியின் மேசைமேல் கொட்டினாள்.

எவர்சில்வர் சத்தம் பட்டறை முழுக்க ஓடி அடங்கியது.

"தலைக்குத் தடவுற எண்ணெயில கொஞ்சம் தகட்டுக்கும் தடவியிருக்கலாமே, தமயந்தி," என்றார் முதலாளி.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

முதலாளி ஒரு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். எண்ணெய் தடவாமல் ஓட்டியது என் தவறு என்று தாளில் எழுதியிருந்தது.

கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து அவளுக்குத் தகட்டைக் குடமாக இழுக்கும் பிரஸ் கிடையாது. குடம் துடைக்கும் வேலைதான்.

பதினான்கு வருடம் ஓட்டிய பிரஸ்.

"எண்ணெய் தடவி அடுக்கிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா கிழிஞ்சு கெடக்குது. என் பிரஸ்ஸ யாரோ தொட்டிருக்காங்க."

"யாரு தொடப்போறா? ஒன் ஆமை வேகத்துக்குத் தகடே சலிச்சுப்போய்க் கிழிஞ்சிருக்கும்."

மறுபடி சிரிப்பு.

அவளுக்குக் காது சுட்டது.

தகடு சோதிக்கும் காந்தம் மேசையில் கிடந்தது. எடுத்தாள்.

காலையில் அவள் இழுத்த நல்ல குடம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் விளிம்பில் வைத்தாள். பிடித்துக்கொண்டது.

கிழிந்த குடத்தின் விளிம்பில் வைத்தாள்.

வழுக்கி விழுந்தது.

"தகடு வேற," என்றார் முதலாளி.

"ஒரே கட்டுத் தகடு. தகடா இருக்கறப்ப காந்தம் எதுலயும் ஒட்டாது. மெதுவா இழுத்தா இறுகும், காந்தம் புடிக்கும். திடீர்னு வேகத்தக் கூட்டுனா சூடேறிடும். இறுகாது. இப்படித்தான் கிழியும்."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் என்னைக்காவது வேகத்தக் கூட்டியிருக்கேனா? கூட்டலன்னு தெனமும் திட்டுனது யாரு?"

"குடு அத."

முதலாளி எழுந்து காந்தத்தைப் பிடுங்கினார். ஒவ்வொரு குடமாக வைத்துப் பார்த்தார்.

ஒன்று.

இரண்டு. எதிலும் ஒட்டவில்லை.

ஐந்தாவது குடத்துக்குக் கையை நீட்டியபோது சட்டைக் கை மேலேறித் திரும்பியது.

வெள்ளைச் சட்டை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, உட்பக்கம், பிரஸ் எண்ணெய்.

இன்னும் காயவில்லை.

அவள் பார்த்தாள். சிரித்தவர்களும் பார்த்தார்கள்.

முதலாளி மெல்ல உட்கார்ந்தார். கை மேசைக்கு அடியில் போனது.

"சரி விடும்மா. போய் வேலையப் பாரு."

அவள் தாளைக் கசக்கவில்லை. அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"கைய மேல எடுங்க, முதலாளி."